பக்கத்தாரண்ணன்

பாட்டு நடத்துகிற அண்ணன் மைக்கைக் கையில் வாங்கினால் எங்கள் கோவிலில் பாதிப் பேர் இடம் மாறி உட்காருவார்கள். ஃபேன் காற்றுக்காக அல்ல. இன்னும் ஐந்து நிமிடத்தில் யார் யாருக்குப் பக்கத்தார் ஆகப்போகிறோம் என்ற கணக்குதான்.

முதல் பாட்டு முடிவதற்குள் அது வந்துவிடும். "உங்க பக்கத்துல இருக்கவங்களைப் பார்த்துச் சொல்லுங்க..." என்ன சொல்ல வேண்டும் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். "நீங்க விசேஷமானவங்க." "இது உங்க வருஷம்." "நீங்க ஜெயிப்பீங்க." வாயசைத்துத் தப்பிக்க முடியாது. "சத்தமே வரலையே சபையே!" என்று இன்னொரு முறை சொல்ல வைப்பார்.

என் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிறவர் சேகரக் கமிட்டித் தேர்தலில் நின்று, முந்தின வாரம்தான் தோற்றிருந்தார். அவருடைய எதிரணிக்கு நான் வேலை பார்த்தது ஊருக்கே தெரியும். அன்றைக்குப் பார்த்து அண்ணனுக்கு, "நீங்க ஜெயிப்பீங்க." சபை ஒழுங்கை மதித்து நானும் திரும்பிச் சொன்னேன். அசனப் பண்டிகை வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

தூணை ஒட்டி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தனியாக உட்காருவார். கடமை தவறாத மனிதர். அண்ணன் சொன்னதும் தூணைப் பார்த்து, "நீங்க விசேஷமானவங்க" என்பார். பல வருஷமாகக் கூரையைத் தாங்கி நிற்கிற தூண்; அதற்கு அது பொருந்தவும் செய்தது.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இந்த வழக்கத்தின் அருமையை அண்ணனால்தான் உணர்ந்தேன். குடும்ப ஞாயிறு அன்று அவர், "உங்க வீட்டுக்காரியைப் பார்த்து 'என்னை மன்னிச்சிரு'னு சொல்லுங்க" என்றார். நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் இருந்த ஆண்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பி, அந்தப் பக்கத்து முந்தானைகளுக்குள் தங்கள் வீட்டு முந்தானையைத் தேடி, பொத்தாம்பொதுவாக மன்னிப்புக் கேட்டார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாக வந்தது: "எதுக்குனு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க!"

பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கமாட்டார், லெந்து காலத்திலும் துள்ளல் பாட்டுத்தான், கீபோர்டு தம்பி இவர் முகத்தைப் பார்த்தே ஸ்கேல் கண்டுபிடிக்க வேண்டும் என்பவையெல்லாம் சில்லறைக் குறைகள். கேட்டால், "ஆவியானவர் நடத்துவார்" என்பார். ஆவியானவர் சனிக்கிழமை சாயங்காலமும் நடத்துவாரே என்று தம்பி ஒருநாள் முனகினான்.

பக்கத்தாரைக் கவனிப்பது என்னவோ இவர் கொண்டுவந்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு மரபுகளில் வந்தவர்கள் ஒரே சபைக்குள் வந்தார்கள். அவர்களுக்காக 1950-இல் வந்த நற்கருணை ஒழுங்கில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேரும். ஒருவர் கையை மற்றவரின் இடது கை மூடும். ஆராதனை நடத்துகிற ஐயரிடமிருந்து உதவி செய்கிறவர்களுக்கு, அவர்களிடமிருந்து சபைக்கு. அதை வைத்த இடத்தைப் பாருங்கள்: காணிக்கைக்குச் சற்று முன்னால். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை மனதில் வைத்துத்தான். ஒரு ஆராதனைக்கு ஒரே ஒரு தரம். யாரும் யாரையும் ஜெயிக்கச் சொல்வதில்லை. தோற்ற கமிட்டிக்காரரும் நானும் கடைசியில் சமாதானமானது அந்த இடத்தில்தான். கையைக் கொடுத்தோம், வாயைத் திறக்கவில்லை.

அண்ணனை வெறுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோவில்பிள்ளை கதவைத் திறப்பதற்கு முன்பே ஒயர் சுருளோடு வாசலில் நிற்பார். பெரியாஸ்பத்திரியில் சபையார் யாராவது படுத்திருந்தால் ராத்திரித் துணைக்கு இவர்தான் போவார். மைக் இல்லாத அந்த இடத்தில் அவர் எதையும் சொல்லவும் மாட்டார், சொல்லச் சொல்லவும் மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிவைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு முதல்முறையாகக் கோவிலுக்கு வந்திருந்த ஒரு அக்காவிடம், பக்கத்திலிருந்த சின்னப் பெண் திரும்பி, "இது உங்க சந்தோஷத்தின் வருஷம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மேலேயிருந்து உத்தரவு. அந்த அடக்க ஆராதனையில் பாடியவரே அண்ணன்தான். மறந்திருக்கமாட்டார். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். முந்தின நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து, நாளைக்கு இந்தப் பெஞ்சுகளில் யார் யார் வருவார்கள், யார் வீட்டில் என்ன நடந்தது என்று பத்து நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் அந்த வாக்கியம் அவர் வாயில் வந்திருக்காது. பாட்டு நடத்துகிறவருக்குக் குரலும் வேண்டும், பெஞ்சைப் பார்க்கிற கண்ணும் வேண்டும். எங்கள் அண்ணன் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

அக்காவின் விஷயம் ஐயர் காதுக்குப் போனது. அண்ணனை அழைத்து, "தம்பி, இந்தப் பக்கத்துல இருக்கவங்களைப் பார்த்துச் சொல்லுறதைக் கொஞ்சம் விட்டிருவோமே" என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் பணிவானவர். "சரிங்கய்யா" என்று அந்த நிமிடமே ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு முதல் பாட்டு முடிந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "எல்லாரும் அப்படியே உங்க பின்னால திரும்பி..." என்று ஆரம்பித்தார்.