போர்டு வீட்டு சார்

ஓசூர் சிப்காட்டில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு விஆர்எஸ் வாங்கியவர்களில் மூன்று வகை உண்டு. ஒரு வகை பாகலூர் ரோட்டில் மனை வாங்கிப் போட்டு, விலை ஏறுவதைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வரும். இன்னொரு வகை ஐயப்ப பூஜை கமிட்டியில் சேர்ந்து பொருளாளர் பதவிக்குச் சண்டை போடும். மூன்றாவது வகை தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாம் தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் கொஞ்சம் காடு வாங்கி, இரண்டு ரூமில் ஓட்டு வீடு ஒன்று கட்டி, ஒகேனக்கல் போகும் பெங்களூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும். நம் சார் மூன்றாவது வகை.

வீட்டுக்கு ஏதோ பூவின் பேர் வைத்திருக்கிறார். ஊரில் யாருக்கும் அது தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி ‘போர்டு வீடு’ என்று கேட்டால் சின்னப் பையன்கூட வழிகாட்டுவான். கேட்டில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் போர்டு. செருப்பு விடுமிடத்தில் ஒன்று. குழாய்க்கு மேல் ‘இறுக்கமாக மூடவும்’, அதற்குக் கீழே ‘ரொம்ப இறுக்க வேண்டாம், வாஷர் போகும்’. துடைப்பம் மாட்டியிருக்கும் ஆணிக்கு மேல் ‘துடைப்பம்’.

சமையலறைதான் அவருடைய தலைசிறந்த படைப்பு. தொழிற்சாலையில் ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் மாட்டும் பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயின்டில் வரைந்திருப்பார்கள். எது காணாமல் போனாலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதே முறையை இங்கே கரண்டிக்குச் செய்திருக்கிறார். சுவர் முழுக்க மஞ்சள் பெயின்டில் கரண்டி, ஜல்லிக் கரண்டி, தோசைத் திருப்பி, களி கிண்டும் துடுப்பு. ஜல்லிக் கரண்டியின் ஓட்டைகளைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். வந்தவர்கள் எதை எடுத்து எங்கே வைத்தாலும் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். தோசைத் திருப்பியின் இடத்தில் ஒருத்தர் துடுப்பைத் தொங்கவிட்டுப் போனதை இன்றைக்கும் விபத்துக் கதை மாதிரிதான் சொல்கிறார்.

ஜப்பான்காரர்கள் இதற்கு ஃபைவ் எஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேண்டாததைக் கழி, வேண்டியதை ஒழுங்காக வை, சுத்தம் செய், அதையே முறையாக்கு, கடைசிவரை விடாமல் கடைப்பிடி. ஓசூரில் கம்பெனிக்குக் கம்பெனி சுவரில் இருக்கும் பாடம். அங்கே அது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் கடைப்பிடிக்காதவனுக்கு மெமோ கொடுக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் புல்லட்டில் வந்து இறங்கும் நாலு பையன்களுக்கு யார் மெமோ கொடுப்பது?

ஆனாலும் சார் அசர மாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ‘இண்டக்‌ஷன்’ தொடங்கிவிடும். லேமினேட் செய்த தாளில் முப்பத்து நாலு விதிகள். ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் கையெழுத்து.

“சார், பெட்ஷீட்டை நாங்களே மடிக்கணுமா?”

“மடிக்க வேணாம் தம்பி. உருவி, சுருட்டி நீல டப்பாவுல போடணும். தலகாணி உறை பச்சை டப்பா.”

“அப்ப க்ளீனிங் சார்ஜ்னு அறுநூறு ரூபா எதுக்கு சார்?”

“அது க்ளீனிங்குக்கு. இது டிசிப்ளினுக்கு.”

அந்தப் பையன் கேட்ட கேள்வியை உலகமே கேட்டுவிட்டது. 2008இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பியில், சுத்தம் செய்யத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது துணி துவை, தரையைக் கூட்டு என்று வேலையும் சொல்கிறார்களே என்று அமெரிக்காவில் விருந்தாளிகள் புலம்பித் தள்ளினார்கள். கடைசியில் 2022 நவம்பரில் அதன் தலைவர் பிரையன் செஸ்கியே தலையிட்டார். விளக்கை அணை, கதவைப் பூட்டு, மிச்ச சாப்பாட்டைக் குப்பையில் போடு என்று சொல்வது நியாயம். படுக்கை விரிப்பை உருவு, துவை, தரையைச் சுத்தம் செய் என்பது நியாயமில்லை என்று கோடு கிழித்தார். பெங்களூரில் இருக்கும் மகன் இதைப் போனில் படித்துக் காட்டியபோது சார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவங்க ஊர்ல ஆனை இருக்கா?”

விருந்தாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் பாதி எண்ணெயைப் போக்கி, மீதியோடு வந்து விரிப்பில் விழுவார்கள். காலையில் பார்த்தால் வெள்ளை விரிப்பில் ஆள் அளவுக்கு ஒரு மஞ்சள் உருவம் படுத்திருக்கும். சமையலறைச் சுவர்ப் படங்களுக்குப் போட்டியாக வரைந்தது போலவே இருக்கும். வெள்ளை டவலால் பைக் செயினைத் துடைத்துவிட்டு, அதை ஒழுங்காக நீல டப்பாவில் போட்டவர்களும் உண்டு. (மலைக்காட்டில் வெள்ளை டவல் வைக்கலாம் என்று யோசனை சொன்னது யார் என்பது என் கேள்வி. சாரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.) ஒருமுறை பொரித்த மீனின் முள்ளெல்லாம் சிங்க்கில் அடைத்துக்கொண்டது. தொழிற்சாலையில் ஒரு கோளாறுக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க மீன்முள் வடிவத்தில் ஒரு படம் போடுவார்கள். சார் பிளம்பரைக் கூப்பிடவில்லை. படம் போட்டார்.

பாட்டில் விவகாரம் இன்னும் சுவாரஸ்யம். யானை நடக்கும் காட்டில் கண்ணாடி உடைந்து கிடக்கக் கூடாது என்று 2022இல் நீலகிரியில் ஒரு ஏற்பாடு வந்தது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள்; காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். நல்ல ஏற்பாடு. சாரும் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று அறிவித்தார். ஆனால் அங்கே பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. ரெண்டு பாட்டிலோடு வந்த பையன்கள் போகும்போது ஒரு சாக்குப் பாட்டிலோடு வந்து நின்றார்கள். அஞ்செட்டி ரோட்டோரம் அன்றைக்கு இருந்த சுத்தம் பிறகு எப்போதும் இருந்ததில்லை. சார் எண்ணிப் பார்த்துக் காசைக் கொடுத்தார். வார்த்தை தவறாத மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தனை விதிகளில் உண்மையிலேயே உயிர்ப்பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்தும் யானைகள் இறங்கி வரும். மிச்ச சோறு, பழத்தோல், உப்புப் போட்ட சாமான் எதையும் ராத்திரி வெளியே கொட்டக் கூடாது. இது எத்தனையாவது விதி தெரியுமா? பதினேழு. பதினாறாவது, கதவில் தண்ணீர் தெறிக்காமல் முகம் கழுவுவது எப்படி. பதினெட்டாவது, ரிமோட்டின் தலை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது. பதினேழு வரும்போது பையன்கள் காது கேளாதவர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டைக் கூட்டிப் பெருக்கும் அக்கா பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சாரிடம் தமிழ். சார் வாசித்து முடிக்கும்வரை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூண் ஓரமாக நிற்பார். சார் உள்ளே போனதும் பையன்களிடம் வந்து சொல்வார்: “கண்ணு, துன்ன மிச்சத்த வெளிய போடாதீங்க. ஆனெ பருத்தெ, ஆனை வரும்.” சொல்லிவிட்டு, போன மாசம் யானை சாய்த்த வாழையைக் கையால் காட்டுவார். அவ்வளவுதான். அன்று ராத்திரி அந்தப் பையன்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவி, குப்பையைக் கட்டி உள்ளே வைத்து, கேட்காமலேயே சமையல் மேடையையும் துடைத்துவிட்டுப் படுப்பார்கள். பாத்ரூமுக்குக்கூட ரெண்டு ரெண்டு பேராகத்தான் போவார்கள்.

இதை நான் ஒருமுறை சாரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முப்பத்து நாலை ஒன்றாக்கலாமே, மிச்சத்தை அறுநூறு ரூபாய் பார்த்துக்கொள்ளட்டுமே என்று. யோசித்தார். அடுத்த வாரம் போனபோது அக்காவின் பேச்சு லேமினேட் ஆகி, முப்பத்தைந்தாவது விதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதன் மேலிருந்த ஒட்டடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு விருந்தாளி இடத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, ‘வீடு சுத்தம், ஆன்ட்டி சூப்பர், அங்கிள்தான் கொஞ்சம் அதிகம்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். சார் கோபப்படவில்லை. மூலகாரணம் கண்டுபிடிக்க ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும் என்பது டொயோட்டாக்காரர்கள் சொல்லிக்கொடுத்த முறை. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பையனுக்கே போன் போட்டார். ஏன் மூன்று நட்சத்திரம்? விதி ஜாஸ்தி சார். ஏன் ஜாஸ்தி என்று தோன்றியது? படிக்க முடியலை சார். ஏன் படிக்க முடியவில்லை? லீவுக்கு வந்தோம் சார். ஏன் லீவு?

பையன் போனை வைத்துவிட்டான். ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறது. முழுமையடையாத படிவத்தை ஃபைலில் சேர்க்கக் கூடாது என்பதால் சார் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வேறொரு நம்பரிலிருந்து முயற்சி செய்துகொண்டிருக்கிறார்.