ஒரு நிகழ்வு, இரண்டு ஐடி: வலை நாட்காட்டிப் படிவம் குறித்த ஆய்வு

வலை நாட்காட்டியில் புதிதாகப் பதியும் நிகழ்வுக்கு எத்தனை ஐடி? ஒன்று என்பார் பாமரர். இரண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவை ஒன்றையொன்று சந்திக்காமல் போவதால் விளையும் குழப்பமே ஆய்வுப்பொருள்.

முதலில் சான்று. ஒருவர் பத்து மணிக் கட்டத்தைச் சொடுக்கி, ‘பல் டாக்டர்’ என்று தட்டி, சேவ் கொடுக்கிறார். உடனே மனம் மாறி, நிகழ்வைப் பதினொன்றுக்கு இழுத்து விடுகிறார். திரையில் அது சமர்த்தாக நகர்கிறது. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலோ, பழையபடி பத்து மணியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பல்வலி இதற்குக் காரணமன்று. சர்வர் பதில் சொல்லும்வரை நிகழ்வை அநாமதேயமாக விட முடியாதென்று பிரவுசரே தற்காலிக ஐடி ஒன்றைச் சூட்டிவிடுகிறது. பல நிரல்களில் இது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த மில்லிவினாடிகளின் கணக்கு. ஆகவே 13 இலக்க ஐடி சிக்கினால் அதன் ஜனன நேரத்தையே குறித்துவிடலாம்: 1714552200000 என்பது 2024 மே 1, இந்திய நேரப்படி பிற்பகல் 2 மணி. மறுமுனையில் டேட்டாபேஸ் தன் வரிசைப்படி 58 என்று வேறொன்றைத் தருகிறது. அதைப் பிரவுசருக்குத் தெரிவிப்பது சர்வரின் கடமை. டிஎச்டிஎம்எல்எக்ஸ் ஷெட்யூலர் என்னும் நாட்காட்டி நிரல் இதற்கென்றே பதிலில் ‘டிஐடி’ என்ற புலத்தை எதிர்பார்க்கும். டெவலப்பர் அதை அனுப்ப மறந்தால், பிரவுசர் பழைய ஐடியோடு போய்த் திருத்தம் கேட்கும். அந்த ஐடியில் பதிவே இல்லை, திருத்தப்பட்டவை 0. டேட்டாபேஸ் நூலில் இது பிழையே அன்று. சர்வரும் 200, அதாவது ‘வெற்றி’, என்று நல்வாக்குச் சொல்லி அனுப்பிவிடும்.

இச்சிக்கலைக் கையாள்வதில் மூன்று மரபுகள் உண்டு.

முதல் மரபினர் தற்காலிக ஐடியையே டேட்டாபேஸில் சேமிப்பர். மைஎஸ்க்யூஎல்லின் சாதாரண ‘இன்ட்’ புலத்தின் உச்ச வரம்பு 2147483647. வரம்பு மீறிய மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத இடத்தில் 13 இலக்க எண் சத்தமின்றி அந்த வரம்புக்கே வெட்டப்படும். முதல் நிகழ்வு பதிவாகும். இரண்டாவதும் அதே எண்ணாக வந்து முட்டி, ‘டூப்ளிகேட் என்ட்ரி’ என்று அலறும். பிழைச் செய்தியில் 2147483647 தென்பட்டால் மேல்விசாரணை அநாவசியம். மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே இருப்பதால், அங்கே முதல் நிகழ்வே நிராகரிக்கப்படும்.

இரண்டாம் மரபினர், இருப்பதிலேயே பெரிய ஐடியோடு ஒன்றைக் கூட்டுவோர். ஒரே நொடியில் இருவர் சேவ் கொடுத்தால் இருவருக்கும் ஒரே எண். டேட்டாபேஸ் கடைசியாகத் தந்த எண்ணைச் சொல்லும் ‘லாஸ்ட் இன்சர்ட் ஐடி’ ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி என்பதை இவர்கள் படித்திருந்தால் இம்மரபே தோன்றியிராது.

மூன்றாமவர், யாரோடும் மோதாதபடி உருவாக்கப்படும் நீண்ட ஐடியான யூயூஐடியின் கட்சி. நான்காம் வகை யூயூஐடியின் 128 பிட்டுகளில் 122 தற்செயலானவை என்பதால், பிரவுசர் சூட்டியதே இறுதிப் பெயர்; மாற்றிக்கொள்ளும் சடங்கே இல்லை. கூகுள் கேலண்டர் ஏபிஐயும், 5 முதல் 1024 எழுத்துகளுக்குள் அழைப்பவரே ஐடி தர இடமளிக்கிறது. சேவ் பொத்தான் இருமுறை அழுத்தப்பட்டு அதே ஐடி மறுபடி வந்தால், இரண்டாம் பல் டாக்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

பொத்தானை ஏன் இருமுறை அழுத்துகிறார்கள் என்பது உளவியல் துறைக்கு உரிய வினா. இக்கட்டுரை, முதல் அழுத்தத்திலேயே பொத்தானை முடக்கிவைக்கப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.