ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்

பள்ளிக்கூடத்தில் இணையம் வேண்டுமா என்று கேட்டால் பெற்றோர் எல்லோரும் வேண்டும் என்பார்கள். பிள்ளை அதில் என்னவெல்லாம் பார்ப்பான் என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சந்தில்தான், வேண்டாத தளங்களைத் தடுக்கும் ஃபில்டர் மென்பொருள் வியாபாரம் கடை விரித்தது. அதை வாங்கிப் பொருத்திவிட்டால் பிள்ளையிடம் கூச்சமான விஷயம் எதையும் பேச வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஃபில்டர் இருக்கட்டும், தப்பில்லை. ஆசிரியர், பெற்றோர் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதில்தான் கோளாறு. கால் நூற்றாண்டாக ஃபில்டரைச் சட்டம் போட்டே பொருத்திவரும் அமெரிக்காவே இதற்குச் சாட்சி.

1995 ஜூலையில் டைம் இதழ் இணைய ஆபாசத்தை அட்டைப்படக் கட்டுரை ஆக்கியது. ஆதாரம், கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ஆய்வு. அதிலிருந்த ஓட்டைகளைச் சில வாரங்களிலேயே அறிஞர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். ஆனால் பீதிக்குத் திருத்தம் வெளியிடும் பழக்கம் கிடையாதே. 1996இல் இணைய ஆபாசத்தைத் தடுக்க அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் முக்கியமான பகுதியை, பெரியவர்களின் பேச்சுரிமையையும் சேர்த்துப் பறிக்கிறது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஊரைத் திருத்த முடியாத அரசு பள்ளிகள், நூலகங்கள் பக்கம் திரும்பியது. 'இ-ரேட்' திட்டத்தில் அவற்றுக்குத் தொலைத்தொடர்பு, இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. இணையத்துக்கு அந்தச் சலுகை வேண்டுமென்றால் ஃபில்டர் பொருத்து என்றது 2000 டிசம்பரில் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம். நூலகத்தார் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. 90 சதவீதத் தள்ளுபடியைக் கொள்கைக்காக உதறும் தலைமையாசிரியர் எந்த நாட்டிலும் அரிது.

சட்டம் தடுக்கச் சொன்னது படங்களை. அந்தக் கால ஃபில்டருக்கோ படம் பார்க்கத் தெரியாது, எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தெரியும்; அதுவும் அரைகுறையாக. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்தார் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் திண்டாடினார்கள். ஊர்ப்பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் நான்கு எழுத்துகள் வரிசையாக அமைந்திருந்ததுதான் குற்றம். பென்சில்வேனியாவில் 1853இல் தொடங்கிய பீவர் கல்லூரி, அணை கட்டும் அப்பாவி விலங்கின் பெயரைத் தாங்கியிருந்தது. கொச்சையில் அதற்கு வேறு பொருள் உண்டு என்பதால் ஃபில்டர்கள் கல்லூரியின் தளத்தை மறைத்தன. அதையும் ஒரு காரணமாகச் சொல்லி, 2001இல் அது ஆர்கேடியா பல்கலைக்கழகமாகப் பெயர் மாற்றிக்கொண்டது. மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்கப் போனவர்களுக்கும் கதவடைப்பு. உச்சகட்டமாக, ஃபில்டரை ஆதரித்த நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைப் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் டிக் ஆர்மியின் பக்கத்தையே சில ஃபில்டர்கள் தடுத்தன. கொச்சையில் வேறு பொருள் தரும் 'டிக்' என்ற செல்லப் பெயரின் ஆபத்தை அவர் அன்றுதான் உணர்ந்திருப்பார்.

இப்போதைய ஃபில்டர்கள் கெட்டிக்காரர்கள், படத்தையே பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று ஒருவர் வாதிடலாம். சரிதான்; ஆனால் எதிர்முகாமில் இருப்பது பதினாறு வயது. 2007இல் ஆஸ்திரேலிய அரசு 8.4 கோடி டாலர் செலவில் வீடுகளுக்கு இலவச ஃபில்டர் அறிவித்தது. மெல்போர்னைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன் சுமார் அரை மணி நேரத்தில் அதைத் தாண்டிக் காட்டினான். பிரிட்டனில் 2013இல் இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் ஃபில்டரைப் புகுத்தியபோது பாலியல் கல்வித் தளங்களும் சேர்ந்து மறைந்தன. ஆக, தேடிப் போகிறவன் போய்விடுகிறான். சந்தேகம் கேட்க வந்தவன்தான் வாசலில் நிற்கிறான்.

அப்படியானால் ஃபில்டரைக் கழற்றி எறியச் சொல்கிறீரா என்று கேட்பார்கள். இல்லை. அமெரிக்க அதிபர் மாளிகையின் இணைய முகவரி 'காவ்' என்று முடியும். 1990களின் இறுதியில் அதே பெயரை 'காம்' என்று முடித்தால் வயதுவந்தோர் தளம் ஒன்று வரவேற்கும். வீட்டுப்பாடத்துக்காக அதிபரைத் தேடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே ஒரு தடை இருப்பது நல்லதுதான். தடுக்கி விழுகிறவர்களுக்கு ஃபில்டர் உதவும். துணிந்து குதிக்கிறவர்களுக்கு உதவாது. அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் 2002இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது: நீச்சல் குளத்துக்கு வேலியும் பூட்டும் போடலாம், ஆனால் பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி நீந்தக் கற்றுக்கொடுப்பது. அந்தக் குழுவின் தலைவர் முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க். பெயரைப் பார்த்தால் அறிக்கையை ஃபில்டர்கள் உள்ளே விட்டனவா என்ற சந்தேகம் வராமல் இல்லை. எப்படியோ 2008இல் சட்டமும் வழிக்கு வந்தது: தள்ளுபடி வாங்கும் பள்ளிகள் இணையத்தில் நடந்துகொள்ளும் முறையையும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. கருவி வாங்க ஒரு சட்டம், வாயைத் திறக்க இன்னொரு சட்டம். இடையில் எட்டு ஆண்டுகள்.

நம் ஊரில் வரும் ஆட்சேபம் வேறு: இதையெல்லாம் பேசினால் பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிடுமாம். ஏதோ பெரியவர்கள் அனுமதிக்காகத்தான் அந்த ஆர்வம் இத்தனை நாள் காத்திருந்ததுபோல! பேசாமல் தடுத்துப் பார்த்ததும் உண்டு: 2015 ஜூலை இறுதியில் இந்திய அரசு ஆபாசம் என்று 857 தளங்களை முடக்கச் சொன்னது. பட்டியலில் காலேஜ்ஹ்யூமர் என்ற நகைச்சுவைத் தளமும் மாட்டியது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களில் அரசு பின்வாங்கியது. பிறகு 2020இல் ஆன்லைன் வகுப்பு வந்தது. எது ஆபத்து என்று பயந்தோமோ அந்தக் கைபேசியைப் பெற்றோரே கடன் வாங்கியாவது பிள்ளை கையில் கொடுத்தார்கள். பள்ளியின் ஃபில்டர் பள்ளிக் கேட்டோடு நின்றுவிடும். கைபேசி வீட்டுக்கும் வரும். அங்கே எதைப் பார்க்க நேர்ந்தாலும் திட்டு விழாது, வந்து சொல் என்று பிள்ளையிடம் சொல்லிவைக்க ஒரு பெரியவர் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஆண்டுச் சந்தா கிடையாது, அப்டேட் போட வேண்டியதும் இல்லை. கூச்சத்தை மட்டும் கொஞ்சம் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.