நாக்பூர் லைசென்ஸ் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
முதன்மை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு,
நாக்பூர்.
(வழி: சிவகாசி அலுவலகம்)

பொருள்: வாட்ஸ்அப் குரூப்புகளில் உரிமமின்றி வெடிக்கப்படும் சொற்களைத் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவரக் கோருதல் தொடர்பாக.
பார்வை: எங்கள் தெரு குரூப்பில் நேற்று இரவு முழுக்க வந்தவை.

மதிப்பிற்குரிய ஐயா,

விருதுநகர் மாவட்டம் சூலக்கரையிலிருந்து எழுதுகிறேன். கலெக்டர் ஆபீஸ் எங்களுக்குப் பக்கம்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவை நீட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வெடிக்கிற விவகாரம் எதுவானாலும் கடைசியில் உங்கள் மேசைக்குத்தான் வரும் என்பது இந்தச் சீமையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஒரு பட்டாசு ஆலை பெரிசா சிறிசா என்று கேட்டால் நாங்கள் ஆள் கணக்கோ ஏக்கர் கணக்கோ சொல்ல மாட்டோம். பெரிசிலிருந்து சிறிசுக்கு நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்போம். மாப்பிள்ளை வீட்டு வசதியை விசாரிக்கும்போதும் இதே பேச்சுதான்.

வெடி விஷயத்தில் சட்டம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-லேயே விதி வந்துவிட்டது. சரமாகக் கோத்தால், எத்தனை வெடியோ அதற்கேற்ப லாகரிதம் போட்டு அந்த 125-லிருந்து கழிக்க வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சிரமத்தையும் வைக்காமல் சரவெடியே கூடாது, பேரியமும் கூடாது என்று சொல்லிவிட்டது. தீபாவளிக்கு இரண்டே மணி நேரம். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஆலைக்குள் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மரத்தடியில் மருந்து செலுத்தக் கூடாது. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

அந்தச் செல்போனைப் பற்றித்தான் ஐயா இந்த மனு. சாயங்காலம் வேலை விட்டதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நாலு பேர் அறையிலிருந்து வெளியே வருகிறவர், 1,024 பேர்வரை உட்காரக்கூடிய அறைக்குள் நுழைகிறார். அங்கே ஃபோர்மேன் கிடையாது.

முதல் புகார், 'வந்ததை அப்படியே அனுப்பியிருக்கேன்' என்கிற வாசகத்தின் மேல். திரியைப் பற்றவைத்துவிட்டு நாலு மீட்டர் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்கிறவர் பேச்சு இது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'வேற குரூப்ல'. அந்தக் குரூப்புக்கு எங்கிருந்து வந்தது? ரிஷிமூலம், நதிமூலம் வரிசையில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சிவகாசியில் ஒரு சின்ன வெடிப் பெட்டி கடைக்குப் போவதென்றால் தயாரித்தவர் பெயர், ஊர், உரிம எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பசுமைப் பட்டாசென்றால் க்யூஆர் கோடும் உண்டு. சிவகாசியைப் பற்றி ஊரெல்லாம் சுற்றும் செய்திக்கு இதில் ஒன்றும் தேவையில்லை.

தீபாவளி நெருங்கினால் தவறாமல் ஒன்று வரும். இந்தியாவை நேரே தாக்க முடியாத பாகிஸ்தான் சீனாவிடம் உதவி கேட்டதாம். சீனா ஆஸ்துமா வரவழைக்கிற பட்டாசும், கண்ணைக் குருடாக்குகிற அலங்கார விளக்கும் அனுப்பிவிட்டதாம். கீழே உள்துறை அமைச்சகத்து அதிகாரி என்று ஒரு பெயர். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே இது பொய் என்று அறிவித்தாகிவிட்டது. இருந்தும் அடுத்த வருஷம் தேதி மாறி வருகிறது. இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. உள்ளூர்ச் சரக்கு நன்றாக விற்கும் என்றால் சீனாக்காரன் மேல் இன்னும் ரெண்டு பழியைச் சேர்த்து அனுப்பவும் இங்கே ஆள் இருக்கிறது.

விருதுநகர்க்காரன் என்பதால் எனக்குத் தனியாக ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்று ரெண்டு வார்த்தையில் முடிப்பவர் என்று பேர் வாங்கியவர் காமராஜர். அவர் வாயில் பக்கம் பக்கமாக வசனம் ஏற்றுகிறார்கள். அப்துல் கலாம் படத்துக்குக் கீழே இடம் கிடைக்காத பொன்மொழியெல்லாம் இவர் பெயரில் வந்து இறங்குகிறது. 'இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?' என்று ஒருநாள் கேட்டேன். 'கூகுள்ல தேடிப் பாருங்க சகோ' என்று பதில் வந்தது. தேடுகிற வேலை எப்போதும் கேட்டவன் தலையில்தான்.

'நான் எந்தக் கட்சியும் இல்லை, நடுநிலையாளன், ஆனால்' என்று ஆரம்பிக்கிறவர்களையும் கவனிக்க வேண்டும். 'ஆனால்' வரைக்கும் இருப்பது மேலே சுற்றிய காகிதம். மருந்து அதற்கப்புறம்தான். மூன்றாவது பதிலுக்குள் கட்சி முத்திரை விழுந்துவிடும்: ஊபி, சங்கி, தும்பி. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியவருக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான். நள்ளிரவுவரை நடந்த அந்தச் சண்டையில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று கடைசிவரை ஒருத்தரும் எழுதவில்லை.

இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதானே என்பீர்கள். எங்கள் பக்கம் பகலில் பெரிய சத்தம் கேட்டால் இடியா வெடியா என்பதுதான் முதல் கேள்வி. வெடிதான் என்று தெரிந்த ஒரு மத்தியானம் குரூப்பில் நடந்தது இது. 'எந்தப் பக்கம்?' என்றார் ஒருவர். சாத்தூர்ப் பக்கம் என்றும் வெம்பக்கோட்டைப் பக்கம் என்றும் பதில் வந்தது. தீயணைப்பு வண்டி கிளம்பியதோ இல்லையோ, வீடியோ வந்துவிட்டது. கடலோரம், பெரிய புகைக்குடை. சாத்தூரில் ஏது கடல் என்று யாரும் கேட்கவில்லை. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த படம் அது. கீழே கும்பிடும் கைகள், 'ஓம் சாந்தி', 'ஆழ்ந்த இரங்கல்'. யாராவது இறந்தார்களா என்றே தெரியாத நேரம். அப்புறம் 'இதுக்குத்தான் பட்டாசையே தடை பண்ணணும்.' 'முதல்ல டாஸ்மாக்கை மூடச் சொல்லு.' 'டெல்லியில வைக்கோலைக் கொளுத்துறப்ப எங்க போனீங்க?' பிறகு வழக்கமான மூன்று முத்திரைகள்.

நடுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ். 'எங்க மதினி அந்தப் பக்கந்தான் வேலைக்குப் போயிருக்காக. போன் போட்டா எடுக்கல. யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்கண்ணே.' எப்படி எடுப்பார், போன் வாசலில் இருக்கிறதே. சண்டை வளர வளர அந்தக் குரல் மேலே போய்த் திரையை விட்டே மறைந்தது. அதற்கு வந்த ஒரே பதில், உயர்த்திய கட்டைவிரல். மதினிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மறுநாள் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனது உங்கள் கோப்பில் இருக்கும். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் வெடிக்குப் பிறகு காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிப்போனவர்கள். அந்தக் கூட்டம் இப்போது போனுக்குள்ளும் கூடுகிறது.

1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தில் இதற்கெல்லாம் எங்கே இடம் என்று உங்கள் அலுவலர் குறிப்பு எழுதக்கூடும். சொல்லும் ஆளைக் கொல்லும் ஐயா. 2018 மே மாதம் போளூர்ப் பக்கம், சாமி கும்பிடப் போன ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக்கொண்டிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் மற்ற இடங்களிலும் இதே மாதிரி நடந்த பிறகுதான், அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. சரவெடிக்குத் தடை வந்ததும் அதே வருஷம்தான். ஐந்தைந்தாகக் கோத்தாலும் சரம் சரம்தானே ஐயா.

ஆகவே குரூப் அட்மின்களுக்கும் ஆள் கணக்குப்படி நாக்பூர், சென்னை, டி.ஆர்.ஓ. என்று லைசென்ஸ் வழங்க வேண்டுகிறேன். குரூப்பைத் தொடங்கி மச்சினனிடம் உள்குத்தகைக்கு விட்டுவிட்டு மஸ்கட்டில் உட்கார்ந்திருக்கும் அட்மின்களின் லைசென்ஸை உடனே ரத்து செய்ய வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு 6 முதல் 7, இரவு வணக்கத்துக்கு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கலாம். பெயரும் ஊரும் இல்லாத சரக்கை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டும்.

இவ்வளவும் முடியாது என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஆலை வெடித்த நாளில் மட்டும், தீயணைப்புத் துறையோ போலீசோ விவரம் சொல்கிறவரை, இந்த மாவட்டத்துக் குரூப்புகளில் வீட்டு ஆளைத் தேடுகிறவர்களும் அவர்களுக்குப் பதில் தெரிந்தவர்களும் தவிர வேறு யாரும் பேசக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ள
சூலக்கரைவாசி