உச்சி வெயிலும் ஒன்றரை டன்னும்

நேற்று மத்தியானம் கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலை, காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தமெல்லாம், அந்த வேகாத வெயிலில் எங்கள் வாசலைக் கடந்த ஒவ்வொருத்தரும் மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு எறிந்துவிட்டுப் போன பேச்சின் மேல்தான். "உங்களுக்கென்னங் சார், சோலார் இருக்குது. ஏசியப் போட்டுட்டு ஜம்முனு படுத்துக்குவீங்க." துணி தேய்க்கிறவர் சொன்னார். மீன் மார்க்கெட்டிலிருந்து பையோடு திரும்பிய பக்கத்துத் தெரு அக்கா சொன்னார். பொள்ளாச்சி மச்சான் காசு செலவழித்து போன் போட்டே சொன்னார். பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டே எல்லாருக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன்.

சோலார் போட்டவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். கரண்ட் போனால் சோலாரும் போகும். மாடியில் மூன்று கிலோவாட் பேனல், மேலே கொளுத்துகிற சூரியன், நடுவில் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிற இன்வெர்ட்டர். நம் மாடிக் கரண்ட் வெளிக்கம்பிக்குள் நுழைந்தால், லைனில் ஒன்றும் இல்லை என்று நம்பிக் கம்பம் ஏறியிருக்கிற லைன்மேனின் உயிர் போய்விடும். அதனால் வெளியே லைன் நின்ற அடுத்த நொடி இன்வெர்ட்டரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடு. யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத ஏற்பாட்டுக்கு அடியில் உட்கார்ந்து வேர்ப்பதுதான் கஷ்டம், யாரைத் திட்டுவது என்று தெரியாது. 2012-இல் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்தபோது இந்த ஊரே அலறியடித்துக்கொண்டு யூபிஎஸ் வாங்கியது ஞாபகம் இருக்கும். எங்களுடையது மாடிப்படிக்கு அடியில், அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் குடித்துக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. நேற்று ஃபேனை ஓட்டியது அந்தக் கிழம்தான். இரண்டு லட்சத்தை ஒட்டிச் செலவு வைத்த சீமான் மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"பேட்டரி வெச்ச ஹைபிரிட் போட்டிருக்கோணும் மாப்ள" என்றார் மச்சான். போடுவதற்கு முன்னால் இதைச் சொன்னவர் ஒருத்தரும் இல்லை. போட்ட பிறகு சொல்லாதவர் ஒருத்தரும் இல்லை.

அது கிடக்கட்டும். எல்லாரும் மெய்யாகக் கேட்கிற கேள்வி வேறு. கோடையில் வீட்டு ஏசி சோலாரில் ஓடுமா, ஓடாதா? காசுக்குக் கட்டுமா, கட்டாதா? கோயம்புத்தூர் உக்கடத்துக் கோடையில் வெந்த அனுபவஸ்தன் என்ற முறையில் அதற்கு வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்கிறேன். அதற்கு முன்னால், மாடியில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று போனில் காட்டுகிற இந்த ஆப் சமாசாரத்தை முடித்துவிடலாம்.

ஆப்பைத் திறக்காமல் பல் தேய்க்கிற சோலார்க்காரர் கோவை மாநகராட்சி எல்லைக்குள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். விடிந்தும் விடியாமலும் மாடியில் ரிலே 'டக்'கென்று ஒரு சத்தம் போடும். இன்வெர்ட்டர் எழுந்துவிட்டது. காப்பிக்கு முன்னாலேயே போனை எடுத்துக் கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்துவிடுகிறோம். 0.02. மறுபடி இழுக்கிறோம். 0.03. அப்பாடா. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் கணக்கு மாறும் என்பது தெரியும். தெரிந்தும் இழுக்கிறோம். எட்டு மணிக்குப் பச்சைக் கோடு கிளம்பி, பத்துக்கு மூச்சு வாங்கி, பன்னிரண்டரைக்கு வெள்ளியங்கிரி ஏழாம் மலை ஏறிய பக்தரைப் போல உச்சியில் நின்று, மூன்றுக்கு மேல் கோலூன்றி இறங்குகிறது. அது ஏறும்போது நாமும் ஏறுகிறோம். இறங்கும்போது நமக்கும் முழங்கால் வலிக்கிறது.

இதில் மேகம் என்று ஒரு சனியன் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மேகம் வரும், அதனால்தான் கோயம்புத்தூர் கோயம்புத்தூராக இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து பெருமை பேசி வளர்ந்தவர்கள் நாம். இப்போது மே மாதத்தில் ஒரு துண்டு மேகம் எட்டிப் பார்த்தால் 2.3 கிலோவாட் பொசுக்கென்று 0.6 ஆகிறது, நெஞ்சு பதறுகிறது. ஈரோடு 42 டிகிரியைத் தாண்டி வறுபட்டுக்கொண்டிருக்கிறது, நமக்காவது ஒரு கோடை மழை கிடைத்ததே என்று ஊரே கையெடுத்துக் கும்பிடும். சோலார்க்காரன் மட்டும் ஜன்னலோரம் நின்று, "இன்னிக்கு நாலு யூனிட்டுக்கு மேல வராதுங்க" என்று எழவு வீட்டு முகத்தோடு சொல்வான்.

முன்பெல்லாம் வழியில் பார்த்தால் "சாப்டாச்சுங்ளா?" என்பார்கள். இப்போது "இன்னிக்கு எவ்வளவுங்?" என்கிறார்கள். பதினொன்றரை என்று நாம் பெருமையாகச் சொல்ல, வடவள்ளிக்காரர் "எனக்குப் பன்னெண்டே கால்" என்று வாயை அடைப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "உங்க உக்கடத்துல லாரித் தூசிங்க, பேனல் மேல படிஞ்சிருக்கும்" என்று ஊரையும் சேர்த்துச் சாத்துவார். மேம்பாலம் 2024-இல் திறந்தாயிற்று, தூசியெல்லாம் இப்போது குறைவு என்று நான் வாதாட வேண்டியிருக்கிறது. முக்கால் யூனிட்டுக்காக ஒரு மேம்பாலத்துக்கே வக்கீல் வேலை பார்த்தவன் வேறு யாராவது உண்டா?

ஆப்பில் இன்னொரு மூலையில் ஒரு மரம் படம் இருக்கும். நீங்கள் தயாரித்த மின்சாரம் இத்தனை மரம் நட்டதற்குச் சமம் என்று தினம் ஒரு கணக்கு சொல்லும். பேனல் மேல் நிழல் விழுகிறதென்று வேப்பமரத்தின் தெற்குக் கிளையை வெட்டித் தள்ளிய சங்கதி அதற்குத் தெரியாது. அப்புறம் அந்த வைஃபை டாங்கிள். அது படுத்துக்கொண்டால் திரையில் பூஜ்யம். மாடியில் கரண்ட் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருக்கலாம், ஆப்பில் தெரியாத யூனிட் யூனிட்டே இல்லை. படி ஏறி, டாங்கிளைக் கழற்றி மாட்டி, இறங்கி, மறுபடி இழுத்துப் பார்த்து... வீட்டம்மா ஒருநாள் கேட்டார்: "மீட்டர்ல ஓடுறது போதாதுங்களா, போன்லயும் ஓடோணுமா?"

போதாதுதான். மூன்று கிலோவாட் என்று பில் போட்டுக் காசு வாங்கினார்களே, அந்த மூன்று எங்கே? மூன்றைத் திரையில் பார்த்தவன் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. விசாரித்தால் விஞ்ஞானம் பேசுவார்கள். பேனலின் சக்தியைச் சோதனைக் கூடத்தில் 25 டிகிரி சூட்டில் அளந்து எழுதுகிறார்கள். நம் மாடியில் ஏப்ரல் மத்தியானம் பேனல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் கழியும். போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு சதவீதம் போச்சு. வெயில் வேண்டும் என்று வாங்கிய சாமானுக்கு வெயில் ஆகாதாம்! அதற்கு நிஜமாகப் பிடித்தது பிப்ரவரி, மார்ச். நமக்கு ஏசியே வேண்டாத நாட்களில் அது உற்சாகமாகக் கொட்டும்.

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடக்கப் போகும்போது இன்னும் வயிற்றெரிச்சல். குளத்தின் மேல் மாநகராட்சி மிதக்கவிட்டிருக்கிறதே, சுவிட்சர்லாந்து உதவியோடு போட்ட 150 கிலோவாட் சொச்சம் சோலார், அது இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர்க் குளிர்ச்சியில் கிடக்கிறது. அடியில் ஈரம் இருந்தால் பேனல் சூடு குறையும், உற்பத்தி கூடும். நம்முடையது தார்சுக் கான்கிரீட்டுக்கு மேல் காய்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் மட்டும் பாரபட்சம் பார்ப்பதில்லை. குளத்துப் பேனல், வீட்டுப் பேனல் எல்லாவற்றுக்கும் சமமாக எச்சம். எங்களுக்கு உபரியாக மீன் மார்க்கெட் காக்கைகள். செவுளும் வாலுமாகத் தூக்கிவந்து, சாய்வாக, வழவழவென்று நாங்கள் போட்டுக்கொடுத்த மேஜையில் வைத்துத்தான் சாப்பிடும். ஒரு செல்லை மறைத்தால் அந்தப் பேனலில் மூன்றிலொரு பங்கு படுத்துவிடலாம். அதனால் விடிகாலையில், கண்ணாடி சூடேறும் முன், வழிப்பானும் குச்சியுமாக மேலே ஏற வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறை. சிறுவாணியில் கழுவினால் வீட்டில் சண்டை. "குடிக்கிற தண்ணிய ஊத்தி காக்கா பீ கழுவுற ஆளை இப்பத்தானுங்க பாக்குறேன்."

வீட்டம்மாவுக்கு என் மேல் வேறு கோபமும் உண்டு. சோலார் வந்ததிலிருந்து மாவாட்டுவது, வாஷிங் மெஷின், இஸ்திரி, மோட்டார் எல்லாம் பத்திலிருந்து மூன்றுக்குள் நடக்க வேண்டும் என்பது என் உத்தரவு. மத்தியானம் நாம் லைனுக்குக் கொடுக்கிற யூனிட்டை நெட் மீட்டர் வரவு வைத்து, ராத்திரி எடுக்கிற யூனிட்டில் ஒன்றுக்கு ஒன்று கழித்துவிடுகிறது. ஆகவே எந்த நேரத்தில் மாவாட்டினாலும் கணக்கு ஒன்றுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கோடு உச்சியில் நிற்கிறபோது கிரைண்டர் சும்மா இருந்தால் மனசு கேட்பதில்லை.

சரி, ஏசி. இந்தச் சாமானை முதலில் யாருக்காகச் செய்தார்கள் தெரியுமா? வில்லிஸ் கேரியர் என்கிற அமெரிக்கர் 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வரைந்து கொடுத்தார். ஈரப்பதத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு தப்பித் தப்பி விழுந்ததாம். நம் ஊரில் மட்டும் என்ன? பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து மில்லுக்கு மேல் மில்லாக முளைத்த ஊர். அந்த ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் வைத்து ஈரத்தை அளந்து விட்டது நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே நின்றவர்களின் சௌகரியம் அதில் சேர்த்தியில்லை. காகிதம், நூல், அதற்கப்புறம்தான் மனிதன். அந்த வரிசையில் கடைசியில் நின்றவனுக்கு இப்போது தாளவில்லை, மத்தியானமும் போடுகிறான்.

ஆமாம், மத்தியானம்! கோடை ராத்திரி தூங்குவதற்கென்று வாங்கிய ஏசி, சோலார் வந்ததும் பகல் டூட்டிக்கு மாறிவிட்டது. "சும்மா ஓடுதுங்க, உக்காருங்க" என்று வசூலுக்கு வந்தவரைக்கூட அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். 2020-இலிருந்து புது ஏசியெல்லாம் போட்டதும் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம். ரிமோட்டுக்குச் சட்டம் தெரியும், மச்சானுக்குத் தெரியாது. பதினெட்டில் வைப்பார். முதலில் ஒரு ஏசி. "யூனிட்தான் மிஞ்சுதே" என்று ஹாலுக்கு இன்னொன்று. எரிபொருள் சிக்கனமானால் செலவு குறையாது, கூடத்தான் செய்யும் என்று ஜெவன்ஸ் என்கிற ஆங்கிலேயர் 1865-இலேயே நிலக்கரியைப் பார்த்து எழுதிவிட்டார். எங்கள் ஹாலைப் பார்க்காமலே எழுதினார் என்பதுதான் ஆச்சரியம்.

கணக்கு வேண்டுமென்றால் இதோ, வேகமாக. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் நான்கு யூனிட். மூன்றுக்குப் பன்னிரண்டு. இரண்டு மாதத்துக்கு எழுநூறு சொச்சம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒரு ராத்திரிக்கு ஆறேழு யூனிட் தின்னும். மத்திய அரசு மானியம் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில். நம் மாநிலத்தில் இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினால் அடுத்த நூறுக்கான சலுகை விலை பறிபோகும், அங்கேதான் ஏசி வீடுகள் மாட்டுவது. ஆகவே கட்டுமா, கட்டாதா என்றால்—

சொல்லியிருப்பேன். ஆனால் இன்று காலை மேற்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு லோடு செங்கல் இறங்கியது. பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற பாய் வீடு. நல்ல மனிதர், ரம்ஜானுக்குக் கஞ்சி தவறாமல் வரும். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், இரண்டாவது மாடி எடுக்கிறாராம். அதற்கு மேல் சின்டெக்ஸ் டேங்க். நான் போனைத் திறந்து, மூன்று மணிக்கு மேல் எங்கள் பச்சைக் கோடு எப்படி ஒடியும் என்பதை விரலால் வரைந்தே காட்டினேன். டேங்க்கையாவது வடக்கே தள்ளி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். பொறுமையாகப் பார்த்தார். எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் சார் கவலைப்படுறீங்க? எங்க செவுரு நெழல் விழுந்தா உங்க மேல் ரூம் பொழுதோட குளுகுளுன்னு ஆயிருமில்லீங்ளா. அப்புறம் எதுக்குங்க ஏசி?"