இறால் போட்டுச் சுறா பிடித்தல்: ஒரு பழமொழி குறித்த தூண்டிலியல் ஆய்வு

இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிறான் என்று நாம் சீட்டுக் கம்பெனிக்காரரைச் சொல்கிறோம், வேட்பாளரைச் சொல்கிறோம், மொய் எழுதும் சித்தப்பாவைக்கூடச் சொல்கிறோம். கடலில் அது நடக்குமா என்று கேட்க மட்டும் மறந்துவிட்டோம். அக்குறையை நீக்கவே இவ்வாய்வு புகுகிறது. ஆய்வுக் களம்: குமரிக் கடலின் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள். கருவிகள்: தங்கூசி (தூண்டில் நரம்பு), ஈயம், தூண்டில் முள். வலைக்காரர்கள் இவ்விவாதத்தில் தலையிட வேண்டாம்.

முதலில் பொருளியல். இறால் மலிவு, சுறா அருமை என்பது பழமொழியின் அடிக்கோள். அது ஒரு காலத்து உண்மை. 1953-ல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. விசைப்படகு வந்தது, பின்னாலேயே பனிக்கட்டியும் ஏற்றுமதியும் வந்தன. இறால் சீமைக்குக் கப்பலேறியது. இன்று நல்ல வெள்ளை இறாலைத் தூண்டிலில் குத்துகிறவரை வீட்டில் விசாரிப்பார்கள். இங்கே ஒரு வேடிக்கை. உலகெங்கும் கடல்காரர் கேட்டு வாங்கும் மஸ்டட் முள்ளும் நார்வேக்காரர் சரக்கே. 1877 முதல் செய்கிறார்கள். இரையை விலையேற்றியவரும் முள்ளை விற்றவரும் ஒரே ஊர்க்காரர் என்பதை வரலாற்றாசிரியர்கள் கவனிக்க.

இனி இரை. இத்துறையில் மூன்று மதங்கள் உள. இறால் மதத்தார், எந்த மீனும் இறாலை மறுக்காது என்பர். மறுக்காது என்பதே அதன் குற்றம் என்பது நம் மறுப்பு. ஈயம் தரை தொட்டதும் தங்கூசியில் டிக், டிக், டிக் என்று மூன்று தட்டு தெரியும். அது கிளாத்தி மீன். வாய் சட்டைப் பொத்தான் அளவு, பல்லோ உளி. முள்ளை விட்டுவிட்டு இறாலை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். தங்கூசியைப் பிடித்திருப்பவர் இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று வெறும் இரும்பைக் காவல் காத்துக்கொண்டிருப்பார். சாளை மதத்தார் நெய்யை நம்புகிறவர்கள். சாளையின் எண்ணெய் நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, பரவித் தூரத்து மீனையும் கூட்டிவரும் என்பது சரிதான். ஆனால் சதை மெத்து. நூல் சுற்றிக் கட்டாவிட்டால் இறங்கும் வழியிலேயே கழன்றுவிடும். மீனுக்கு அழைப்பிதழ் போகும், பந்தியில் இலை இராது. மூன்றாமவர் கணவாய் மதத்தார். விரல் நீளத்துக்குக் கீறி, ஒரு முனையில் மட்டும் குத்தி, மறுமுனையை ஆடவிட வேண்டும். ரப்பர்போல் இருப்பதால் கிளாத்தி நாலு தரம் கடித்தாலும் மிச்சம் இருக்கும். அதற்குள் கலவாவோ விளமீனோ வந்து சேரும். இக்கட்டுரையாசிரியர் கணவாய் மதத்தவர். நடுநிலைமை பற்றிய கேள்விகள் ஏற்கப்படா.

அடுத்து, கட்டு. இது என்னுதலிற்றோ எனின், ஈயம் எங்கே முள் எங்கே என்பது உணர்த்துதல் நுதலிற்று. மணல் தரையானால், துளையுள்ள ஈயத்தில் தங்கூசியை ஓடவிட்டு, அதற்கப்பால் முள்ளைக் கட்டலாம். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. பாரில் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. அங்கே ஈயம் அடியில், முள்கள் அதற்கு மேலே ஒரு முழம், இரண்டு முழம் தள்ளிக் கிளைத் தங்கூசியில். மேலும், ஈயத்தை மட்டும் இளைத்த தங்கூசியில் கட்ட வேண்டும். பாறை இடுக்கில் ஈயம் சிக்கினால் இழு, இளைத்தது அறும், ஈயம் போகும், முள்ளும் மீனும் வரும். எப்படியும் போகப்போகிற பொருளுக்கு ஈயம் எதற்கு என்று பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டும் அறிஞர்களும் உளர்.

முள்ளின் எண்முறையைக் கணிதத் துறைக்கே அனுப்ப வேண்டும். 10-ம் நம்பர் முள் பொடிசு. 6 அதைவிடப் பெரிது. 1 இன்னும் பெரிது. ஒன்றுக்குப் பின் எண் தீர்ந்துபோனதால் பக்கத்தில் ஒரு சுழியைப் போட்டுத் திசையைத் திருப்பிவிட்டார்கள்: 1/0, 2/0, 5/0 என்று ஏற ஏற முள்ளும் பெரிதாகும். ஆகவே 10-க்கும் 10/0-க்கும் இடையே நவரையிலிருந்து சுறா வரைக்கும் தூரம் இருக்கிறது. கடையில் ‘பத்து கொடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர் எதைப் பிடிக்கக் கிளம்புகிறார் என்பது அவருக்கே தெரியாது.

முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பார்த்தவுடன் யாரும் நம்புவதில்லை. எதையும் குத்தாது போலிருக்கும். மீன் விழுங்கித் திரும்பும்போது அது வழுக்கிவந்து வாயோரத்தில் மாட்டும். நிபந்தனை ஒன்றே: வெடுக்கென்று சுண்டக் கூடாது, சும்மா இழுக்க வேண்டும். ஓகினாவாத் தீவின் சகிதாரி குகையில் கிடைத்த, நத்தை ஓட்டில் தேய்த்துச் செய்த முள்ளும் நன்றாக உள்வளைந்ததே. வயது சுமார் 23,000 ஆண்டு. தட்டு விழுந்ததும் சுண்டும் பழக்கம் கையை விட்டுப் போக இந்தக் காலம் போதவில்லை.

இப்போது சுறாவுக்கு வருவோம். அதற்குப் பெரிய முள் வேண்டும். ஓர் இறாலை அதில் குத்தினால் இறால்தான் எங்கே என்று தேட வேண்டும். தங்கூசியைச் சுறா அறுத்துவிடும், கம்பி வேண்டும். இரையாகச் சூரை, அயிலை, விலாங்கு என்று ரத்தமும் நெய்யும் உள்ள துண்டு வேண்டும். சிறு சுறாக்கள் இறாலைத் தின்னும், மறுக்கவில்லை. புட்டுக்கு ஆகும் பால்சுறாவை வைத்துப் பழமொழியைக் காப்பாற்றலாம். ஆனால் அதன் பெருமிதம் போய்விடும்.

கூனி போன்ற பொடி இறால்களை வாய்நிறைய அள்ளித் தின்னும் பெருஞ்சுறா ஒன்று உண்மையிலேயே உண்டு: திமிங்கலச்சுறா. உலகிலேயே பெரிய மீன். அதற்குக் கடிக்கும் பழக்கம் கிடையாது, வடிகட்டும் பழக்கம்தான். ஆதலால் முள்ளில் குத்திய தனி இறாலை அது ஏறெடுத்தும் பாராது. வலையில் தப்பித்தவறி விழுந்தாலும் விட்டுவிட வேண்டும்: 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதற்குப் புலியோடு இடம்.