காணாமல் கண்டவர்: குளத்தூர்ச் சீரியல் உரைமரபு - ஓர் ஆய்வு

1. எல்லை

தமிழாய்வு எதுவானாலும் முதலில் எல்லை சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் புறத்தேர்வாளர் கோபித்துக்கொள்வார். இவ்வாய்வின் எல்லை புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர். வட்டத்தின் பெயர் குளத்தூர் வட்டம். வட்டத் தலைமையிடம் இருப்பதோ கீரனூரில். இதை வெறும் நிர்வாகச் செய்தி என்று தள்ளிவிடலாகாது. தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் நாயகி இருப்பாள், பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருக்கும் என்ற உண்மை வெளியூர்க்காரருக்கு விளங்கப் பல மாதம் ஆகிறது. பெயர் ஓரிடம், அதிகாரம் வேறிடம் என்ற ஏற்பாட்டில் பிறந்து வளர்ந்த குளத்தூரார் அதை முதல் நாளே பிடித்துக்கொள்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கருதுகோளைக் கடைசியில் நிறுவ வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் ஆய்வேடுகளில் அப்படியொரு வழக்கம் இல்லை.

முன்னாய்வுகள் இத்துறையில் கிடையா. இருந்திருந்தால் முதல் மூன்று இயல்களை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

2. காலப் பகுப்பு

சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அதற்கு முற்பட்டது தூர்தர்ஷன் காலம். அக்காலத்தார் வாரத்துக்கு ஒரு முறைதான் அழுதார்கள் என்பதால் சான்றுகள் குறைவு. 'சித்தி' (1999), 'மெட்டி ஒலி' (2002), 'கோலங்கள்' (2003) மூன்றும் காப்பியக் காலம். சிலப்பதிகாரம் 30 காதையில் முடிந்துபோயிற்று. 'கோலங்கள்' 1533 பகுதி ஓடிற்று. இளங்கோவடிகளுக்கு விளம்பரதாரர் அமையவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

இங்கே ஒரு முக்கியமான காலக் கணிப்பைச் செய்துவிடலாம். தொல்காப்பியர் எப்போது வாழ்ந்தார் என்பதில் பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் ஆயிரம் ஆண்டுக்குக் குறையாமல் முரண்படுகிறார்கள். குளத்தூரில் இந்தச் சிக்கலே இல்லை. தொல்காப்பியன் 'கோலங்கள்' தொடரில் 2003 முதல் 2009 வரை, இரவு ஒன்பது மணிக்கு வாழ்ந்தான், நாயகி அபிக்கு நண்பன், அவனாக நடித்தவர் தொடரை இயக்கிய திருச்செல்வமே. செல்லப் பெயர் 'தொல்ஸ்'. நூலாசிரியர் வேறு, பாத்திரம் வேறு என்ற குழப்பத்துக்கும் இதில் இடமில்லை (அப்பத்தா, வாய்மொழி).

2006க்குப் பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் வந்தன. அதுவரை ஒரு பெட்டியைச் சுற்றித் தெருவே உட்கார்ந்து ஒரே கருத்தைச் சொன்னது. அதன்பின் வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் உரையாசிரியர்.

அடுத்தது இருண்ட காலம். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று ஒரு தலைமுறை அறிஞர் எழுதினார்கள். அடுத்த தலைமுறை அதை மறுத்துப் பதவி உயர்வு பெற்றது. ஆனால் 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலம் இருண்டதுதான் என்பதை எந்தச் சான்றாலும் மறுக்க முடியாது. அப்போது விடுபட்ட பகுதிகளெல்லாம் இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டாரின் வாய்வழியாகவே காக்கப்பட்டன. அவர்கள் இடைச்செருகல் செய்தார்கள் என்ற ஐயம் இன்றும் உண்டு (மேற்படி அப்பத்தா, வெற்றிலையைத் துப்பியபின் திருத்திய பதிப்பு).

3. கருத்து வகைகள்

3.1 சாபம். விளக்கம் தேவையில்லை, அச்சிடவும் முடியாது.

3.2 நகைச்சுவைத் தொடர் பற்றிய கருத்துகள். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வுக்குப் பிறகு குளத்தூர் சிரிப்பதெல்லாம் அழுகைத் தொடர்களைப் பார்த்துத்தான். எனவே இப்பிரிவு இத்துடன் முடிகிறது.

3.3 பொருட்சான்று. "ஏண்டி, அவ காதுல கெடக்குற ஜிமிக்கி போன வாரம் மாமியா காதுல கெடந்துச்சே!" தொல்லியல் அறிஞர் ஒருவர் பானை ஓட்டை வைத்து நாகரிகத்தையே எழுப்புகிறார் என்றால், ஒரு ஜிமிக்கியை வைத்துப் படப்பிடிப்பு வரிசையையே கலைத்துக் காட்டுகிறாள் எங்கள் எதிர்வீட்டுச் சித்தி. அவளுக்கு இன்னும் பட்டம் தரவில்லை.

3.4 பாடபேதம். ஒரு பாத்திரத்துக்கு ஆள் மாறுவதைக் குறித்த கருத்துகள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லைக்கு மூன்று பாடங்கள்: வி.ஜே. சித்ரா, 2020 டிசம்பரில் அவர் மறைந்தபின் காவ்யா அறிவுமணி, அடுத்து லாவண்யா. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனுக்கு இரண்டு: மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்தபின் வேல ராமமூர்த்தி. பின்னவர் கைதேர்ந்த எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனால் அப்பத்தா மூல பாடத்தை மட்டுமே ஏற்பவள். மாரிமுத்து போன அன்று அவள் பெட்டியைப் போடவில்லை. பல மாதமாக அந்த ஆளைத் திட்டித் தீர்த்தவள் அவள்தான். இவ்விடத்தில் ஆய்வாளர் கேலியை நிறுத்திவைக்கிறார்.

3.5 சட்ட விளக்கம். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு என்று 1989லேயே சட்டம் திருத்தப்பட்டது. அச்செய்தி எங்கள் தெருத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது 2022க்குப் பிறகு, இரவு ஒன்பதரை மணிக்கு. 'எதிர்நீச்சல்' தொடரில் குடும்பத்து மூதாட்டி பட்டம்மாளின் பெயரில் இருந்த 40 சதவீதப் பங்கை எழுதி வாங்க ஆதி குணசேகரன் படாதபாடு பட்டபோது, கைநாட்டு செல்லுமா, சாட்சி எத்தனை பேர், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார்களா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. கேட்டவர்களில் சிலர் மறுநாள் தங்கள் அண்ணன்மாரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். அதன்பின் அவ்வீடுகளில் ஆண்கள் "இந்த நாடகம் குடும்பத்தக் கெடுக்குது" என்று கருத்துத் தெரிவித்தது ஆய்வில் தெரியவந்தது. காரணம் ஆராயப்படவில்லை.

3.6 வருவதுரைத்தல். "நாளைக்குப் பாரு, மாட்டிக்குவா." முத்து, மீனா தம்பதியின் கதையான 'சிறகடிக்க ஆசை' 2023 தொடக்கத்தில் வந்தது. ரோகிணி தனக்கு முன்னமே ஒரு பிள்ளை இருப்பதை மாமியார் விஜயாவிடம் மறைத்தாள். அன்றிலிருந்து குளத்தூர் அவளை நாள்தோறும் மாட்டவைத்துக்கொண்டிருந்தது. இவ்வகைக் கருத்து ஒருபோதும் பொய்ப்பதில்லை. நாளை என்றைக்கு என்று யாரும் சொல்லாததே இதன் வலிமை. "அவ இன்னைக்கே மாட்டிக்கிட்டா முத்துவுக்கும் மீனாவுக்கும் நாளைக்கி என்னத்தா சோலி?" என்று அப்பத்தா கேட்டது, கதைக்கோப்புப் பற்றி இதுவரை தமிழில் சொல்லப்பட்ட கோட்பாடுகளுள் மிகச் சுருக்கமானது.

4. காணாக் காட்சியர்

இனி இவ்வாய்வின் உயிர்ப் பகுதி. தொடரே பார்க்காதவர்கள் தொடரைப் பற்றிச் சொல்லும் கருத்துகள் இங்கே ஆராயப்படுகின்றன.

இவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த ஆண்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் காலையில் படித்து முடித்த நாளிதழ், தொலைக்காட்சிக்கு முழு முதுகு. "அந்த எழவ எவன் பாக்குறது?" என்பது இவர்களது கடவுள் வாழ்த்து. அதைச் சொல்லிவிட்டு மூச்சு விடுமுன், "அது சரி, அவன் எதுக்கு வெத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டான்?" என்பார்கள். பெண்கள் யாரேனும் உறவுமுறை தவறிச் சொன்னால், "அவ கொழுந்தியா இல்லடி, ஓரகத்தி" என்று முதுகிலிருந்தே திருத்தம் வரும். பார்க்காத ஒருவருக்கு இது எப்படித் தெரிகிறது? இதில் மூன்று பள்ளிகள் உண்டு.

முதலாவது செவிவழிப் பள்ளி. பின்னணி இசையை வைத்தே எல்லாம் அறியலாம் என்பது இவர்கள் வாதம். இடி என்றால் வில்லி, வீணை என்றால் நாயகி, ஒரே சத்தம் மூன்று முறை என்றால் அறை. இதற்கு மரபுச் சான்றும் காட்டுகிறார்கள். இம்மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு, ஏழு பண்களுக்குரிய சுரங்களோடு பாறையில் இருக்கிறது. அப்பாறைக் காற்றை ஆயிரத்து முந்நூறு ஆண்டாகக் கேட்ட வட்டாரத்தாருக்குச் செவி கூர்மைப்பட்டிருக்கும் என்கிறார்கள் (மூன்றாம் வீட்டு மாமா; அவர் மறுத்ததாக அவர் மனைவி; மறுத்தது உண்மை என்று பால்காரர்). அக்கல்வெட்டை வெட்டுவித்தது மகேந்திரவர்மனா இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சீரியலில் அறை யார் கன்னத்தில் விழுந்தது என்பதிலோ செவிவழிப் பள்ளியில் இரண்டு கருத்து இல்லை.

இரண்டாவது கண்ணாடிப் பள்ளி. இது பிற்காலத்தது, ஆனால் ஆழமானது. பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிக்கு எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட கல்யாணப் போட்டோ தொங்குகிறது. நாளிதழின் மேல் விளிம்புக்குச் சற்று மேலாகப் பார்வையைச் செலுத்தினால் அந்தக் கண்ணாடியில் தொடர் முழுவதும் தெரியும். அதாவது நாற்காலிக்காரர் தம் திருமணத்தின்மேல் பிறர் குடும்பச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சான்று என்ன? "அவ இடது கையால அறைஞ்சா" என்று நாற்காலித் தாத்தா ஒருவர் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். பெட்டிக்கு நேரே இருந்த அத்தனை பேரும் கண்டது வலது கை. இடவலம் மாறுவது பிம்பத்தில் மட்டுமே என்பதால் கண்ணாடிக் கொள்கை நிறுவப்பட்டது (எதிர்வீட்டுச் சித்தி, அவள் மேற்கோள் காட்டிய மதினி, மதினிக்குச் சொன்ன பூக்காரம்மா, விளம்பர இடைவேளையில், சோப்புக்கும் சாம்பார்ப் பொடிக்கும் நடுவே நிகழ்ந்த உரையாடல், தரையில் புளி ஆய்ந்துகொண்டிருந்த வரிசை, இடமிருந்து இரண்டாமவர், ஒலிப்பதிவு செய்யப்படவில்லை, குக்கர் விசில் குறுக்கிட்டது).

செவிவழியார் விடவில்லை. தொடர்களில் ஓர் அறையை மூன்று கோணத்தில் காட்டுவார்கள், அதில் ஒன்று திருப்பிப் போட்ட காட்சியாகவும் இருக்கலாம், ஆகவே இடது கையால் எதுவும் நிறுவப்படாது என்றார்கள். கண்ணாடியார் உடனே அன்றைய நாளிதழைக் கைப்பற்றி ஆராய்ந்தார்கள். தொடர் ஓடிய நேரம் முழுவதும் பக்கம் புரளவில்லை. விளம்பரம் வந்தபோதெல்லாம் புரண்டது. புரண்ட பக்கமும் வரி விளம்பரப் பக்கம். இரு பள்ளிகளுக்கும் நடந்த வாதத்தில் ஒரு நாற்காலியின் கால் ஒடிந்தது. அதுவே இவ்வாய்வின் ஒரே தொல்பொருள்.

மூன்றாவது செயலிப் பள்ளி. இதைத் தொடங்கியவள் கல்லூரியில் படிக்கும் பேத்தி. ஹாட்ஸ்டாரில் சந்தா கட்டியவர்களுக்கு அன்றைய பகுதியைத் தொலைக்காட்சிக்கு முன்பே, காலையிலேயே போட்டுவிடும் வழக்கம் வந்தது. காலையில் கண்மாய்க்கரைப் பக்கம் நடக்கப் போகிற தாத்தாவின் காதில் ஏன் வயர் தொங்குகிறது என்று அவள் கேட்டாள். சுப்ரபாதம் என்றார். செல்போனை வாங்கிப் பார்த்தாள். அதன்பின் அவள் வெளியிட்ட முடிவு ஒரே வரி: "எங்க தாத்தா தெனம் ரெண்டு வாட்டி பாக்குறாரு." அடிக்குறிப்பு இல்லை, முன்னுரை இல்லை, நன்றியுரை இல்லை. முறையியல் சரியில்லாத காரணத்தால் அறிஞர் உலகம் இதை ஏற்கத் தயங்குகிறது.

காணாமலே கருத்துரைப்பதை இழுக்காகக் கருதுவோர், நூலைப் பிரிக்காமல் அணிந்துரை எழுதும் பெருமக்களை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பதிப்பாளர் கொண்டுவந்த பிரதியைச் சுற்றிய காகிதத்தோடு மேசையில் வைத்துவிட்டு, "தமிழுக்குக் கிடைத்த புதுவரவு" என்று இரண்டு பக்கம் எழுதித் தருகிறார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து முப்பது ஆண்டு சங்க இலக்கியம் நடத்தி ஓய்வூதியமும் வாங்குகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் நாற்காலித் தாத்தா நேர்மையானவர். ஓரகத்தி யார், கொழுந்தியா யார் என்பதாவது அவருக்குத் தெரியும். தினம் இரண்டு வாட்டி பாடம் படிக்கும் தமிழ்ப் பேராசிரியர் எவரேனும் இருந்தால் இவ்வாய்வாளர் அவரைக் குளத்தூருக்கு அழைத்து மாலை போடச் சித்தமாயிருக்கிறார்.

5. முடிவுகளும் வேண்டுகோளும்

இக்கட்டுரை பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. கட்டணம் கட்டியதும் அதே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஐஎஸ்பிஎன் எண்ணும் மதியச் சாப்பாட்டுச் சீட்டும் சேர்ந்தே வந்தன. வாசிக்க எனக்கு ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம். அமர்வுத் தலைவர் கட்டுரையைப் பார்க்கவில்லை. ஆனால் நுட்பமான ஆய்வு என்று பாராட்டினார். எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று கேட்க வாய்ப்பு அமையவில்லை.

அப்பத்தாவிடம் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். 3.6 வரைக்கும் கேட்டவள், "இன்னைக்கு ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்கள் தாராளமாக எழுதலாம். தொலைபேசியில் கேட்பதென்றால் மட்டும் இரவு எட்டிலிருந்து பத்து வரை குளத்தூர் எண்ணுக்கு அழைக்க வேண்டாம். எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் விளம்பரம் முடிந்ததும் வைத்துவிடுவார்கள்.